கடைவாய்ப் பல்லும் தலை துவட்டும் துணியும்

கொட்டிவாக்கத்துக்கு நான் போனது உண்மை. கையில் பஞ்சு சுற்றிய குச்சி இருந்ததும் உண்மை. "ஏம்பா, அம்மாகிட்டப் போய் எச்சில் கேட்டியாமே?" என்று நீ புனேயிலிருந்து போனில் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "என்னப்பா பண்ற நீ?" என்றாய். உன் கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். இந்த நேரத்தில், பிரிந்து போனவளின் வாசலில் நான் போய் நின்றால் உனக்கு என்னென்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் சொல்கிறேன் என்றேன். போனில் எனக்குச் சொல்ல வராது. எழுதினால் வரும். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஒரு பல்லிலிருந்து தொடங்க வேண்டும். தெற்கே, ஆற்றங்கரை மணல்மேட்டில் தோண்டியெடுத்த ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த கடைவாய்ப் பல். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கலாம் என்றார்கள். நம் மண் எதையும் மிச்சம் வைக்காது. வெயில், ஈரம், மறுபடி வெயில். எலும்புக்குள் இருக்கும் டிஎன்ஏ இந்தச் சூட்டில் பொடிந்துபோகும். எதையாவது படிக்க முடிந்தால் அது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவாக இருக்கும். காரணம் எளிது. செல்லின் நடுவில் இருக்கும் பெரிய டிஎன்ஏ செல்லுக்கு இரண்டு பிரதிதான். மைட்டோகாண்ட்ரியாவினுடையது நூற்றுக்கணக்கில் இருக்கும். நூறு வீட்டில் ஒரே புத்தகம் இருந்தால், ஊரே எரிந்தாலும் எங்காவது ஒரு பக்கம் மிஞ்சும், அப்படி. இன்னொன்று உனக்குப் பள்ளியிலேயே தெரியும். அது அம்மா வழியாக மட்டும் வருவது. உன்னிடம் இருப்பது உன் அம்மாவுடையது. என்னிடம் இருப்பது என் அம்மாவுடையது. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் உனக்குத் தரவில்லை. நீயும் உன் பிள்ளைக்குத் தரப்போவதில்லை. இந்த விஷயத்தில் நாம் இருவரும் வாங்கி வைத்துக்கொள்பவர்கள். அவ்வளவுதான்.

அடையாறில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இதற்கென்று ஒரு அறை. தலை முதல் கால் வரை மூடிய உடை, இரட்டைக் கையுறை, மேசை முழுக்க பிளீச்சிங் வாடை. அந்த அறையைப் பொறுத்தவரை ஆபத்து உயிரோடு இருப்பவர்களால்தான். ஒரு தும்மல் போதும். செத்துப்போனவரின் நைந்த துண்டுகளுக்கு நடுவே உன்னுடையது புதிதாக, நீளமாக, கும்பலாக வந்து உட்கார்ந்துவிடும். பிறகு நீ படிப்பது அவரை அல்ல, உன்னை. அதனால் எலும்பைத் தொடுகிற ஒவ்வொருவரும் முதலில் தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் எல்லோருடைய வரிசையும் கணினியில் இருக்கிறது. எதைப் படித்தாலும் முதலில் எங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். விடை வந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, இது நானா?

தேன்மொழியை உனக்குத் தெரியும். என்னிடம் ஆய்வு செய்கிற பெண். போன தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்து, என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "சார், இதைவிட தாழிக்குள்ள நல்ல சோறு இருந்திருக்கும்" என்றாளே, அவள்தான். அந்தப் பல்தான் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். அதுவரை அவள் திறந்த எலும்புகள் எல்லாம் வெறுமை. இந்தப் பல்லில்தான் முதல் முறையாக ஒரு வரிசை வந்தது. எங்களில் யாரோடும் பொருந்தவில்லை. அன்று மாலை அவளை மயிலாப்பூருக்கு அழைத்துப் போய் அடையும் காபியும் வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிடவே இல்லை. "ஒரு ஆள் சார். நிஜமான ஒரு ஆள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒன்று மட்டும் இடித்தது. பழைய டிஎன்ஏ சின்னச் சின்னத் துண்டுகளாக உடைந்திருக்கும். ஒவ்வொரு துண்டின் நுனியிலும் சில எழுத்துகள் மாறிப் போயிருக்கும். வயதின் அடையாளம் அது. பல்லில் கிடைத்த துண்டுகளில் அந்தச் சேதம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. குறைவு என்பதை நாங்கள் நல்ல பாதுகாப்பு என்று படித்துக்கொண்டோம். தாழி மூடியிருந்தது, உள்ளே மணல் உலர்ந்திருந்தது, அதனால்தான் என்று காரணமும் கண்டுபிடித்தோம். விரும்பிய விடை வந்துவிட்டால் படித்தவர்களுக்குக் காரணம் தேடுவது கஷ்டமே இல்லை.

பிறகு தேன்மொழி, பல் எந்தெந்தக் கைகள் வழியாக ஆய்வகம் வந்து சேர்ந்தது என்று எழுத உட்கார்ந்தாள். அகழாய்வுக் குழியிலிருந்து உறைக்கு, உறையிலிருந்து பெட்டிக்கு, பெட்டியோடு ரயிலில் நான். அவள் சத்தமாகப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. ரயில் ஆட ஆட பெட்டிக்குள் பல் உருளும் சத்தம். விரிசல் விட்டுவிடும் என்று பயந்து, பையில் மூக்குக் கண்ணாடி துடைக்க வைத்திருந்த துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் அண்டை கொடுத்திருந்தேன். உறைக்கு வெளியேதானே என்ற தைரியம். ஆய்வகத்தில் திறந்தபோது உறையின் வாய் பிரிந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

"துணியா? என்ன துணி சார்?"

"பழைய காட்டன் புடவை. கிழிச்சது."

"யாரோடது?"

"என் மனைவியோடது. அதாவது, அவங்க அப்போ தலை துவட்டிக்கிட்டிருந்த துணி."

தேன்மொழி நாற்காலியில் சாய்ந்தாள். தலை துவட்டிய துணி என்றால் முடி. உதிர்ந்த முடியில் வேறு எது இல்லாவிட்டாலும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ இருக்கும். "சரி சார். அவங்ககிட்ட ஒரு ஸ்வாப் வாங்கிட்டு வந்துடுங்க. ஒப்பிட்டுப் பாத்துடலாம். சிம்பிள்."

"சிம்பிள் இல்லம்மா."

"அப்போ உங்க பையன்கிட்ட வாங்குங்க. கொரியர்ல அனுப்பட்டும். அவரோடதும் அவங்களோடதும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான். மைட்டோகாண்ட்ரியாவுக்கு நீயும் உன் அம்மாவும் ஒரே ஆள். உனக்குப் போன் செய்தால் போதும், நீ மறுக்கமாட்டாய், ஏன் என்றுகூடக் கேட்டிருக்கமாட்டாய். அன்று மாலையே உன் எண்ணை எடுத்தேன். விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். உன் கன்னத்தைத் துடைத்து உன் அம்மாவைப் படிக்கப்போகிறேன். அவளுக்குத் தெரியாமல். இதற்கு முன்னால் இதை எங்கோ செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

உனக்கு நினைவிருக்கும். ராஜா அண்ணாமலைபுரம் வீடு. கூடத்தில் நான், அடுக்களையில் அவள், நடுவே நீ. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அப்புறம் வரேன்னு சொல்லு." இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நீ வந்து சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. ஒருநாள் நீ நடைவழியில் நின்றுகொண்டு, நாங்கள் வாயே திறக்காமல் இருக்கும்போதே, இரண்டு பக்கமும் பேசிவிட்டாய். "அப்பா, அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க. அம்மா, அப்பா அப்புறம் வராராம். அப்பா, அப்போ ஆறிடுமாம். அம்மா, ஆறினா பரவால்லையாம்." எங்கள் குரல், எங்கள் இழுவை, அப்படியே. நான் கூடத்தில் சிரித்தேன். அவள் அடுக்களையில் சிரித்தாள். தனித்தனியாக. கெட்டிக்காரன் என்று உன்னை மெச்சிக்கொண்டோம். ஒரு பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் வசனம் எழுதுகிற அளவுக்கு எங்களைப் படித்து வைத்திருக்கிறான் என்று நாங்கள் பயந்திருக்க வேண்டும்.

பிரிந்த பிறகும் அதையேதான் செய்தோம். கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே, இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்கே, உடம்பு எப்படி இருக்கிறது, எல்லாம் உன் வழியாகவே. போனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

கொட்டிவாக்கத்தில் அவள் வீட்டு கேட் அருகே மீன்காரம்மா உட்கார்ந்திருந்தார். எஸ்தர் என்று பெயர், பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவர். உன் அம்மா குனிந்து சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். தலை நரைத்திருந்தது. என்னுடையதும்தான்.

"என்ன, திடீர்னு?"

"ஒரு சாம்பிள் வேணும்" என்றேன். இத்தனை நாள் கழித்து வந்த மனிதன் பேசும் முதல் வாக்கியமா அது? குச்சி இருந்த குழாயைக் காட்டினேன்.

எஸ்தர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், கொரோனாவா? இன்னும் கீதா அது?"

"இல்லம்மா, இது வேற. எச்சில் மட்டும்தான்."

"எச்சியா? யக்கா, இன்னாக்கா இது? வூட்டுக்காரு ஞாயித்துக்கெயம காலீல எச்சி கேட்டுக்கினு வந்து நிக்கிறாரு!"

"வீட்டுக்காரர் இல்ல எஸ்தர். முன்னாடி இருந்தவரு."

"முன்னாடி இருந்தா இன்னா, பின்னாடி இருந்தா இன்னா. ஐஸ் உருகிக்கினு கீது. மீனு வெட்டவா வோணாமா?"

வெட்டச் சொன்னாள். மேலே போனோம். காபி குடித்தாயா என்று கேட்டேன். இப்போதுதான் என்றாள். அப்படியென்றால் வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், எதுவும் சாப்பிடக் கூடாது என்றேன். "அரை மணி நேரமா? உன்னோடயா?" என்றாள். பிறகு நாற்காலியைக் காட்டினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பல், ரயில், துணி. அவள் பாங்கில் கடன் விண்ணப்பம் பார்க்கிற மாதிரி கேட்டாள். இடையில் பேசவில்லை. முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி துணியைப் பற்றி.

"என் துணியிலயா கண்ணாடி தொடைக்கற?"

"நல்ல பருத்தி. கீறல் விழாது."

"வேற பருத்தியே கிடைக்கல மெட்ராஸ்ல?"

ஜன்னலுக்குக் கீழே எஸ்தர் மீன் செதில் சுரண்டும் சத்தம் கேட்டது.

"சரி, அந்தப் பொம்பளைக்கு எத்தனை வயசு?"

"பொம்பளையா ஆம்பளையான்னே இதுல தெரியாது. அவங்க அம்மா, அம்மாவோட அம்மா, அப்படிப் பின்னாடி ஒரே ஒரு கோடுதான் தெரியும்."

"அப்பா பக்கம்?"

"ஒண்ணும் தெரியாது."

"நல்லாருக்கே" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் அவங்களுக்கும் ஒரே கோடா இருந்தா? அப்போ பொருந்தும்தானே? பொருந்தினா அது என் முடின்னு எப்படிச் சொல்லுவ?"

இந்தக் கேள்வியைத் தேன்மொழிக்கு முந்தின வாரம் நான் விளக்கியிருந்தேன். இவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்த சில நிமிடங்களில் தானாகவே அந்தக் கேள்விக்கு வந்து நின்றாள். உண்மைதான், அப்படியும் இருக்கலாம் என்றேன். அந்தக் கோடு மெதுவாகத்தான் மாறும். தாழிக்குள் இருந்தவரும் மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் ஒரே வரிசையோடு இருப்பது அதிசயமில்லை. அதனால் எழுத்து மட்டும் போதாது, துண்டின் நீளமும் நுனியும் பார்க்க வேண்டும், பழையது நைந்திருக்கும், புதியது நைந்திருக்காது என்று மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அவளும் ஒரு கோடு போட்டாள். "இங்க உடைஞ்சிருந்தா அவங்க. இங்க நீளமா இருந்தா நான்." ஆமாம் என்றேன்.

"ஒரே வீட்ல இத்தனை வருஷம் இருந்தோம்" என்றாள். "நீ வேலையில என்ன பண்றன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது."

"நீ கேட்டதில்லையே."

"பையன்கிட்ட கேட்டிருக்கேன். எலும்பு தேய்க்கறாருன்னு சொன்னான்."

சிரித்தோம். ஒரே அறையில். உன் மேல் பழி போட்டுத்தான் சிரித்தோம், மன்னித்துக்கொள்.

நேரம் ஆனதும் குச்சியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "தள்ளி நில்லு. நீ மூச்சு விட்டா இதுலயும் நீ வந்துடுவ." தானே துடைத்தாள், குழாயில் போட்டு மூடினாள். கொடுப்பதற்கு முன் நிறுத்தினாள். "விடை என்னவா இருந்தாலும் நீயே வந்து சொல்லு. அவன்கிட்ட சொல்லி அனுப்பாத. அவனுக்குக் கல்யாண வேலை இருக்கு."

பழைய பல் இருக்கும் அறைக்கு அந்தக் குச்சி போகவே கூடாது. வேறு கட்டடத்தில், வேறு ஆட்களிடம் கொடுத்துப் படித்தோம். விடை வந்த அன்று தேன்மொழி திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரு எழுத்தும் மாறவில்லை. நீளமான, நுனி நையாத துண்டுகள் எல்லாம் உன் அம்மா. எங்கள் நிஜமான ஒரு ஆள். தேன்மொழி எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்து, "சார், எனக்கு உங்க மேல பயங்கர கோபம். ஒரு வாரம் பேச மாட்டேன். ஏதாவது வேணும்னா மெயில் போடுங்க" என்றாள். நியாயம்தான். அவளுடைய அத்தியாயம் போயிற்று. ஆய்வேடு தள்ளிப்போகிறது. அவள் வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கிறவர்களிடம் அவள்தான் இதைச் சொல்ல வேண்டும். மறுநாள் நான் மெயில் போடவில்லை. அவள் மேசைக்குப் போய் நின்று, என் தவறுதான், துறைக்கும் அப்படியே எழுதித் தருகிறேன் என்றேன். அவள் நிமிரவில்லை. "இருங்க சார், இதைப் பாருங்க" என்றாள்.

நைந்த துண்டுகளை மட்டும் தனியே பிரித்து வைத்திருந்தாள். மிகக் குட்டையானவை, இரண்டு நுனியிலும் சேதம் உள்ளவை. கொஞ்சம்தான். அவற்றில் சிலவற்றில் உன் அம்மாவிடம் இல்லாத எழுத்துகள் இருந்தன. எங்களில் யாரிடமும் இல்லாதவை. ஒரு ஆளை எழுதிவிடப் போதாது. ஒரு வரிகூடப் போதாது.

"இது யாரு சார்?"

"தெரியலை."

"ஆனா இருக்காங்க."

"அதைக்கூட இப்போ சொல்லக் கூடாது."

"உங்ககிட்ட மட்டும்தான் சார் சொல்றேன்" என்றாள்.

அந்த வாரமே மறுபடி கொட்டிவாக்கம் போனேன். உன் அம்மா கதவைத் திறந்ததும், "நானா?" என்றாள். "நீதான், பெரும்பாலும்" என்றேன். "மிச்சம்?" "வேற ஒருத்தரா இருக்கலாம். ரொம்பக் கொஞ்சம்." கதவைப் பிடித்தபடியே நின்றாள். "பாவம். தன் பல்லுக்குள்ளயே ஓரமா ஒதுங்கி உக்காந்திருக்காங்க" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு?" என்றாள். அதே தாடையில் அடுத்த பல் இருக்கிறது, இந்த முறை ஒழுங்காகக் கொண்டுவந்தோம், அவள் மறுபடி தொடங்குகிறாள், அதிலும் ஒன்றும் வராமல் போகலாம் என்றேன். "நான் பார்க்கலாமா?" என்றாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றேன்.

அன்று வேறு சிலவும் பேசினோம். மண்டபத்தில் யார் எங்கே நிற்பது, பத்திரிகையில் பெயர்களை எப்படிப் போடுவது என்று நீ இரண்டு பக்கமும் போன் செய்துகொண்டிருக்கிறாய். நிறுத்திவிடு. அது எங்கள் வேலை. முடித்துவிட்டோம். ஒரு விஷயத்தில் சண்டை வந்தது. அதையும் நாங்களே போட்டுக்கொண்டோம். உனக்கு நான் சொல்ல நினைத்ததும் இவ்வளவுதான். உனக்கும் வரப்போகிறவளுக்கும் நடுவே யாரையும் நிற்க வைக்காதே. அம்மாவை, என்னை, நாளைக்குப் பிறக்கிற ஒன்றை, யாரையும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் நேராகப் போவது இவ்வளவு கூச்சமான வேலை என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. வாசலில் மீன்காரம்மா முன்னால் கொஞ்சம் மானம் போகும். போகட்டும்.

நேற்று உன் அம்மா ஆய்வகத்துக்கு வந்தாள். தேன்மொழி உள்ளே, முழு உடையில், கண் மட்டும் தெரிய. கையில் அடுத்த பல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். சுவரில் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் பொத்தானும் இருக்கும், உள்ளே இருப்பவரோடு பேச. "அது மேல்பல்லா கீழ்ப்பல்லான்னு கேளு" என்றாள் உன் அம்மா. நான் பொத்தானை நோக்கிக் குனிந்தேன். கை பாதி வழியில் நின்றது. விலகிக்கொண்டேன். "இதை அழுத்திட்டு நீயே கேளு."

அழுத்தினாள். "ஏம்மா, அது மேல்பல்லா, கீழ்ப்பல்லா?"

"கீழ்ப்பல்லு மேடம். வலப்பக்கம். மேல சொத்தை இருக்கு பாருங்க. வேர் நல்லாருக்கு, அதனால பிரச்சினை இல்ல."

உன் அம்மா தன் வலது கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "வலிச்சிருக்குமே" என்றாள்.

"ரொம்பவே வலிச்சிருக்கும் மேடம்."

"மருந்து என்ன போட்டிருப்பாங்க?"

தேன்மொழி பல்லை மேசையில் வைத்துவிட்டு ஒலிபெருக்கிக்கு அருகே வந்தாள். அவர்கள் இருவரும் பேசத் தொடங்கினார்கள். நான் அங்கே தேவையில்லை என்று தெரிந்தது. மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேசினார்கள். இங்கே சிரிப்பு மட்டும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடமே கேள்.

அப்பா